குளிர்கால கராஜில் ஒரு மொரிஸ் மைனர்: பிரித்தானியாவில் பழைய கார் வாங்கியவர்களுக்கான வழிகாட்டி

பிரித்தானியத் தெருக்களில் உப்புத் தூவும் லொறிகள் ஓடத் தொடங்கும் நவம்பர் முதல், அந்த உப்பை மழை கழுவிக்கொண்டு போகும் மார்ச் கடைசி வரை, பழைய காரை வெளியே எடுக்காமல் வைத்திருப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம். அந்த ஐந்து மாதங்களில் கராஜுக்குள் எதை, எந்த ஒழுங்கில், என்ன செலவில் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். நான் வைத்திருப்பது 1098 சிசி எஞ்சின் பூட்டிய மொரிஸ் மைனர். முதல் குளிர்காலத்தில் பிறேக், வயரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போட்டேன். எந்த நட் எந்தப் பெட்டிக்குரியது என்று பிறகு தெரியவில்லை. அடுத்த ஆடி மாதம் வரை கார் கராஜை விட்டு நகரவில்லை. அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வர வேண்டியதில்லை. மைனரை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், அதே காலத்து ஒஸ்ரின் ஏ35, பழைய மினி போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஸ்பானரைத் தொடுமுன் தாள்களைச் சரிசெய்யுங்கள்

40 வயதைக் கடந்த கார் "வரலாற்று வாகனம்" என்ற வகைக்குள் வருவதால் அதற்கு வீதி வரி இல்லை. வரி இல்லை என்பதற்காக வரி எடுக்கத் தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தொகை பூச்சியமாக இருந்தாலும் ஆண்டுதோறும் அந்தப் பதிவைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். இதுவரை சாதாரண வகையில் இருந்த காரை முதன்முறையாக இந்த வகைக்கு மாற்றுவதானால், வாகன வரி பார்க்கும் தபாலகம் ஒன்றுக்கு வி5சி பதிவுப் புத்தகத்தோடு நேரில் செல்ல வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் கார் வீதிக்கு வராது என்றால் சோர்ன் என்ற அறிவித்தலைப் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வி5சி புத்தகத்திலுள்ள 11 இலக்க எண்ணைக் கொடுத்து இணையத்தில் பதிந்தால் உடனே நடைமுறைக்கு வரும். வரி நினைவூட்டல் கடிதத்திலுள்ள 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்துதான் வரும். இங்கேதான் நான் முதலில் வழுக்கினேன். காரை விற்றவர் சோர்ன் எடுத்திருந்தார். அது காரோடு சேர்ந்து எனக்கும் வந்துவிட்டது என்று நம்பி, காப்புறுதியும் எடுக்காமல் காரைக் கராஜில் விட்டுவிட்டேன். சோர்ன் ஆள் மாறினால் செல்லாது. சோர்ன் இல்லாத காருக்குத் தொடர்ச்சியாகக் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது சட்டம். அது கராஜுக்குள் நான்கு கட்டையில் நின்றாலும் அதே கதைதான். 100 பவுண் தண்டக் கடிதம் வந்த பிறகே இது எனக்குப் புரிந்தது.

சோர்ன் எடுத்துவிட்டோம் என்று காப்புறுதியை முற்றாக நிறுத்துவதும் புத்திசாலித்தனம் அல்ல. தீ, திருட்டு இரண்டுக்கும் மட்டும் பொறுப்பெடுக்கும் "நிறுத்திவைத்த வாகனக் காப்புறுதி" முழுக் காப்புறுதியை விட மலிவு. எடுக்கும்போதே காரின் பெறுமதியை முன்கூட்டி ஒப்புக்கொள்ளும் வகையா என்று கேளுங்கள். அப்படியானால் நான்கு பக்கமும், உள்ளும், எஞ்சினும், சசி (அடிச்சட்டக) எண்ணும் தெரியும்படி எடுத்த படங்கள் தேவைப்படும். காரைக் கழற்றத் தொடங்குமுன் எடுத்த படங்களாக அவை இருக்கட்டும்.

2. ஒக்டோபரிலேயே எம்.ஓ.ரி. சோதனை

40 வயதைக் கடந்த, கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.ரி. என்ற ஆண்டு வீதித்தகுதிச் சோதனை கட்டாயமில்லை, வி112 படிவத்தின்படி உறுதி கூறினால் போதும். ஆயினும் காரை உறங்க வைப்பதற்கு முந்திய மாதத்தில் ஒரு சோதனைக்குக் கொண்டுபோகும்படி சொல்வேன். காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண். அந்தப் பணத்துக்கு உங்கள் காரைத் தூக்கி வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் பிடித்து, பிறேக்கின் வலிமையைச் சில்லு சில்லாக அளந்து, குறைகளை எழுதியும் தருகிறார்கள். குளிர்கால வேலைப்பட்டியலை அதைவிட நேர்மையாக யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அவர்கள் "ஆபத்தானது" என்று குறித்த குறை இருந்தால், சோதனை கட்டாயமில்லாத கார்தானே என்று சொல்லி வீட்டுக்கு ஓட்டிவர முடியாது. வீதிக்குத் தகுதியில்லாத நிலையில் ஓட்டினால் 2,500 பவுண் வரை தண்டமும் மூன்று புள்ளிகளும் விழலாம். சந்தேகம் இருந்தால் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள இடத்தையே பதிவு செய்யுங்கள்.

3. கராஜ்

மைனர் சிறிய கார், ஏறத்தாழ 3.75 மீற்றர் நீளமும் 1.55 மீற்றர் அகலமும் கொண்டது. இங்குள்ள பழைய ஒற்றை கராஜ்களில் காரை நடுவில் விட்டால் இரு பக்கமும் கதவைத் திறக்க முடியாது. வேலை நடக்கும் பக்கத்தில் இடம் விட்டு மறுபக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். அடுத்த மாதம் திருப்பி விடலாம். இதனால்தான் கார் எப்போதும் உருளக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்று பின்னரும் வற்புறுத்தப் போகிறேன்.

குளிரை விட ஈரம்தான் பகை. மண்ணெண்ணெய் அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கராஜுக்குள் வைக்கவே வேண்டாம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவந்து, குளிர்ந்த காரின் தகட்டில் வியர்வையாகப் படியும். காபன் மொனொக்சைட்டும் பெற்றோல் ஆவியும் தனி ஆபத்து. ஈரமகற்றி வாங்குவதானால் அமுக்கி வகையைத் தவிர்த்து, ஈரத்தை உறிஞ்சும் சில்லு வைத்த வகையை வாங்குங்கள், ஏனென்றால் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே முதல் வகை பெரும்பாலும் சும்மா இரைந்துகொண்டிருக்கும். எனக்கு 150 பவுண் அளவில் ஆனது. அதற்குள்ளும் சூடாகும் கம்பி இருப்பதால், பெற்றோல் குழாயில் கை வைக்கும் நாளில் அதை அணைத்து வெளியே வையுங்கள்.

வீட்டில் அனுமதியின்றி வைத்திருக்கக்கூடிய பெற்றோல் 30 லீற்றர்தான். அதுவும் 10 லீற்றருக்கு மேற்படாத பிளாஸ்ரிக் கலனிலோ 20 லீற்றருக்கு மேற்படாத உலோகக் கலனிலோ இருக்க வேண்டும்.

4. காரை உறங்க வைத்தல்: ஒரு சனிக்கிழமை வேலை

காலையில் 15 கிலோமீற்றராவது ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வரும் வழியில் 97 ஒக்ரேன் உயர்தரப் பெற்றோலால் தாங்கியை நிரப்புங்கள். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் குறைந்து ஈரமும் குறையும். 2021 செப்ரெம்பரிலிருந்து சாதாரண 95 பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய இறப்பர்க் குழாய்களையும் தின்னும். உயர்தரப் பெற்றோலில் எதனோல் 5 சதவீதத்துக்கு மேற்படாது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த 1990களில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி இதே வகைக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய என் மாமாவுக்கு இந்தக் கவலை வேடிக்கையாக இருக்கிறது. அவர் காரை ஐந்து மாதம் சும்மா நிறுத்தி வைத்ததில்லை என்பதை மட்டும் நினைவூட்டினேன்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஒயிலை மாற்றுங்கள். வசந்த காலத்தில் மாற்றலாம் என்று விடுவது பரவலான தவறு. பாவித்த ஒயிலில் சேர்ந்த அமிலம் ஐந்து மாதமும் பெயாரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும். 20டபிள்யூ50 கனிம ஒயில் நான்கு லீற்றருக்கு உட்பட்டே தேவைப்படும். வடிகட்டியோடு 40 பவுணுக்குள் முடியும். பழைய ஒயிலைக் கலனில் ஊற்றி நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

அடுத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உறையாமல் காக்கும் அன்ரிபிறீஸ். விற்றவர் "எல்லாம் போட்டிருக்கிறது" என்றால் நம்பாமல், சில பவுணுக்குக் கிடைக்கும் மிதவை மானியால் நீங்களே பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை கராஜ் தரையில் துருநிறத்தில் ஒரு குட்டை. எஞ்சின் பக்கத்திலிருந்த கோர் பிளக் (தண்ணீர் வழியை அடைத்திருக்கும் உலோக மூடி) ஒன்று பனிக்கட்டியின் தள்ளலில் வெளியே பிதுங்கியிருந்தது. புளொக் வெடிக்காமல் தப்பியது என் அதிர்ஷ்டம். எதிலீன் கிளைக்கோல் அடிப்படையிலான பழைய நீல வகையைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்தால் கழித்தல் 35 பாகை அளவுக்குத் தாங்கும். நவீன கார்களுக்கான செம்மஞ்சள், இளஞ்சிவப்பு வகைகளை இந்த எஞ்சின்களுக்கு ஊற்ற வேண்டாம். சிந்தியதை உடனே துடையுங்கள். அது இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கிச் சாகும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்பகுதியைக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். ரயர்களில் வழமையை விடச் சிறிது கூடுதலாகக் காற்று அடியுங்கள். கைப்பிறேக்கை இழுத்து வைக்காமல் சில்லுக்குக் கட்டை கொடுங்கள். இழுத்து வைத்தால் பிறேக் சூ (உராயும் கட்டை), சில்லோடு சுழலும் டிறம்மோடு ஒட்டிவிடும். பற்றரியைக் கழற்றி, தானே நின்று இயங்கும் சார்ஜரில் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினைக் கிளப்பி வைக்கும் பழக்கம் நல்லெண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் ஒயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும்.

5. வேலையைத் தெரிவுசெய்யும்போது

ஒரு நேரத்தில் ஒரு தொகுதி மட்டும் திறந்திருக்கலாம். அது மூடப்பட்டு, கார் மறுபடி நான்கு சில்லில் நின்ற பிறகே அடுத்தது. ஜனவரி முடிவுக்குள் தொடங்க முடியாத பெரிய வேலையை அந்த ஆண்டு தொடங்காதீர்கள். பாகங்களை நவம்பரிலேயே வரவழையுங்கள். நத்தார் முதல் புத்தாண்டு வரை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், றேடியேற்றர் திருத்துவது, குரோம் பூசுவது போன்ற வெளிவேலைகளுக்கு வாரக் கணக்கில் காத்திருக்க நேரும்.

கருவிகளில் ஒரு பொறி உண்டு. இந்தக் கார்களின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மில்லிமீற்றர்; வீட்டிலிருக்கும் 13 இலக்க ஸ்பானர் அதில் ஏறும், இலகுவாகவும் இருக்கும், துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்த அடுத்த கணம் மூலைகள் மழுங்கி நட் வட்டமாகிவிடும். ஏ.எஃப். என்று குறித்த அங்குல ஸ்பானர், சொக்கற் தொகுதி ஒன்றை முதலில் வாங்குங்கள். 60 பவுணுக்குத் தரமானது கிடைக்கும். அதோடு ஒரு தள்ளுவண்டி ஜக்கும், தூக்கிய காரைத் தாங்கும் நான்கு அக்சில் ஸ்ராண்டுகளும் அவசியம். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்ராண்ட் வைக்கும் இடத்தை முதலில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின்பக்கம் அக்சில் கூட்டின் கீழ் வைப்பது பயமில்லை, முன்பக்கச் சசியும் குறுக்கு உறுப்பின் நுனிகளும் மைனரில் துருப்பிடிக்கும் பேர்பெற்ற இடங்கள்.

6. பிறேக்

மைனரின் பிறேக் திரவம் ஓடுவது ஒரே சுற்றில். சூக்களைத் தள்ளும் ஆறு வீல் சிலிண்டர்களில் ஒன்றோ மூன்று இறப்பர்க் குழாய்களில் ஒன்றோ கசிந்தால் நான்கு சில்லுக்கும் பிறேக் போய்விடும். எஞ்சினுக்கு வலுவேற்றுவது பற்றி யோசிப்பவர் முதலில் இதை முடிக்கட்டும்.

பாகம் வாங்குமுன் உங்கள் முன் டிறம்மை அளந்து பாருங்கள். 1962இல் 1098 சிசி எஞ்சினோடு வந்த கார்களுக்கு 8 அங்குல முன் டிறம், அதற்கு முந்தியவற்றுக்கு 7 அங்குலம். முன்னைய உரிமையாளர்கள் அச்சோடு மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் பதிவுப் புத்தகத்தை நம்பி வாங்க வேண்டாம். முன்பக்கம் சில்லுக்கு இரண்டு சிலிண்டர், பின்பக்கம் ஒன்று. ஆறு சிலிண்டர், மூன்று குழாய், சூ நான்கு சோடி, செம்பு-நிக்கல் குழாய்த் தொகுதி எல்லாம் சேர்த்து எனக்கு 280 பவுண் வரை வந்தது.

டிறம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றழுத்தக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். ஒரு பக்கத்தை முடிக்கும் வரை மறுபக்கத்தைத் திறக்க வேண்டாம். எந்த சுருள்வில் எந்தத் துளையில் கொளுவியிருந்தது என்பதில் ஐயம் வரும்போது, தொடாத அந்தப் பக்கம் கண்ணாடிப் பிம்பமாக விடை சொல்லும். கைபேசிப் படத்தை விட அது நம்பகமானது.

மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் புதியவர்களை ஏமாற்றும். பொனற்றைத் திறந்து தேடினால் கிடைக்காது. சாரதியின் காலடியில், கம்பளத்துக்கும் தரைத் தகட்டுக்கும் கீழே, சசி உறுப்புக்குள் படுத்திருக்கிறது. பிறேக் திரவம் ஊற்றும் மூடியும் அங்கேதான் என்பதால் பலர் ஆண்டுக்கணக்கில் பார்ப்பதேயில்லை. தரைத் தகட்டின் ஸ்குரூக்களுக்கு இரண்டு நாள் முன்னரே துருநீக்கி ஒயில் விட்டு வையுங்கள். பிறகு அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீண்ட போல்ற்றுகளைக் கழற்றுவீர்கள். நட் வந்துவிடும், போல்ற் பாதிவரை வெளியே வரும், வந்து சஸ்பென்ஷனின் ரோர்சன் பாரில் தலை முட்டி நிற்கும். நான் அந்த இடத்தில் ஒரு ஞாயிறு முழுவதையும் தொலைத்தேன். ரோர்சன் பாரை இறக்கி எடுப்பது முறையான வழி. ஆனால் அது முறுக்கேறிய உருக்குக் கம்பி, முறுக்கை இறக்கும் முறையைக் கைநூலில் படிக்காமல் தொட்டால் எலும்பு முறியும். பழைய போல்ற்றை வெட்டி எடுத்துவிட்டு, புதியதை மறுபக்கத்திலிருந்து செருகி நட்டை ரோர்சன் பார் பக்கம் வைப்பது பலரும் செய்யும் வழி. அப்படிச் செய்தால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

திறந்திருக்கும்போதே, திரவக் குடுவையைப் பொனற்றுக்குள் கொண்டுவரும் சிறு இணைப்பையும் பூட்டிவிடுங்கள். 40 பவுண் அளவுதான். மைனரில் நான் செய்த மாற்றங்களில் கொடுத்த பணத்துக்கு அதிகம் பயன் தந்தது இதுதான், ஏனென்றால் திரவம் குறைகிறதா என்பதை இப்போது ஒயில் பார்க்கும்போதே பார்த்துவிடுகிறேன்.

பிறேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்குமுன் எல்லாச் சூக்களையும் டிறம்மோடு உரசும்வரை இறுக்குங்கள். மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள இடப்பக்கப் பின்சில்லில் தொடங்கி, வலப்பக்கப் பின்சில்லு, இடப்பக்க முன்சில்லு, வலப்பக்க முன்சில்லு என்ற ஒழுங்கில் வாருங்கள். மிதியை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டிலுள்ளவர்களிடம் ஒரு மணித்தியாலம் என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள், இரண்டு என்று சொல்லுங்கள். டொட் 4 திரவம் பெயின்ற்றை உரித்துவிடும். சிந்தினால் துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், உடைத்த போத்தலை அடுத்த ஆண்டுக்கு வைக்க வேண்டாம். காரிலுள்ளதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

7. ரன்னியன்: அரை நாள், தவிர்க்க முடியாதது

வீதியோரத்தில் முன்சில்லு மடிந்து விழுந்த மைனரின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். முன்சில்லைத் திரும்ப விடும் மரையிட்ட மூட்டான ரன்னியன் கிறீஸ் இல்லாமல் தேய்ந்து, மரை கழன்று வருவதன் விளைவு அது. ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை மேலும் கீழும் உள்ள, கிறீஸ் செலுத்தும் இரண்டு சிறு குமிழ்களிலும் கிறீஸ் அடிக்க வேண்டும். காரின் பாரம் சில்லில் இருக்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் மரைப் பக்கத்துக்கு கிறீஸ் போகாது. ஜக்கால் தூக்கி, ஸ்ராண்டில் வைத்து, ஸ்ரியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடியுங்கள். முதலில் மணல்போல நறநறக்கும் பழுப்புக் களி வரும். அது புதிய கிறீஸின் நிறத்துக்கு மாறும்வரை நிறுத்த வேண்டாம்.

பிறகு சில்லை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒருவர் ஆட்ட, மற்றவர் ரன்னியனில் விரல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் பெயாரிங்கிலா மரையிலா என்று தெரியும். மரையில் என்றால் மாற்றியே ஆக வேண்டும். அதுவும் ரோர்சன் பாரோடு சம்பந்தப்பட்ட வேலை என்பதால், முதல் ஆண்டில் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பதில் வெட்கமில்லை.

8. மின்சாரம்: டைனமோவிலிருந்து அல்ரனேற்றர்

பழைய மைனர்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கைபேசிச் சார்ஜர், றேடியோ, எல்.ஈ.டி. விளக்குகள், அல்ரனேற்றர் எல்லாம் எதிர்முனை உடலோடு இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. இரவில் ஓட்டாதவருக்கு, பற்றரிக்கு மின்னேற்றும் பழைய டைனமோவே போதும். மழையில் துடைப்பான், முன்விளக்கு, வெப்பமூட்டி மூன்றும் ஒன்றாக ஓட வேண்டுமென்றால், கூடுதல் மின் தரும் அல்ரனேற்றருக்கு மாறுவது பெறுமதியானது. தொகுதியாக வாங்கினால் 120 முதல் 150 பவுண். பழைய டைனமோவின் தோற்றத்திலேயே உள்ளே அல்ரனேற்றர் வைத்துச் செய்தது அதைப்போல இரு மடங்கு.

ஒழுங்கு முக்கியம். முதலில் காரின் முனையை மாற்றி, டைனமோவோடேயே ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அல்ரனேற்றருக்குப் போக வேண்டும். பற்றரியைத் திருப்பி வையுங்கள். நேர்முனைத் தண்டு எதிர்முனையை விடச் சற்றுப் பருத்தது என்பதால் பிடிகளையும் மாற்ற வேண்டிவரும். ஸ்பார்க்குக்கு மின்னழுத்தம் ஏற்றும் கொயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பார்க் பலவீனமாகும். வெப்பமூட்டி விசிறி எதிர்த்திசையில் சுழன்றால் அதன் வயர்களை மாற்றுங்கள். மின்சாரப் பெற்றோல் பம்ப் இலத்திரனியல் வகையா என்று பாருங்கள். அப்படியானால் முனை பார்த்தே வேலை செய்யும். டைனமோவுக்குப் புதிய முனையைப் பழக்க, ரெகுலேற்றரிலிருந்து கழற்றிய மெல்லிய பழுப்பு-பச்சை வயரை பற்றரியின் உயிர்முனையில் இரண்டு மூன்று தடவை கணநேரம் தொட்டு எடுக்க வேண்டும். சிறு பொறி பறக்கும், அது வழமையானது.

அல்ரனேற்றரைப் பொறுத்தவரை, தவறான முனையில் ஒரு கணம் இணைத்தாலே உள்ளிருக்கும் டயோட்டுகள் எரிந்துவிடும், அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. இன்னொன்று, டைனமோ தந்தது 22 அம்பியர் வரைதான். அல்ரனேற்றர் 35க்கு மேல் தரும். பழைய பழுப்பு-மஞ்சள் வயர் அதற்குப் போதாது, தடித்த வயர் ஒன்றைப் புதிதாக இழுங்கள். கார் முழுவதற்கும் இரண்டே பியூஸ்கள் இருப்பதால், புதிதாகச் சேர்க்கும் எதற்கும் தனிப் பியூஸ் வையுங்கள். முடிந்ததும் பற்றரிக்குப் பக்கத்தில் "எதிர்முனை உடல்" என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். வீதியில் நின்றுவிட்ட நாளில் உதவ வருபவர், பழைய கார் என்று எண்ணி வயரை மாற்றிக் கொளுவக்கூடும்.

ஸ்பார்க் நேரத்தைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் பொயின்ற்றுக்குப் பதிலாக இலத்திரனியல் இக்னிசன் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். முனை மாற்றிய பிறகு வாங்குங்கள், ஏனென்றால் அதுவும் முனை பார்த்தே விற்கப்படுகிறது. கழற்றிய பொயின்ற்றையும் கொன்டென்சரையும் எறியாமல் டாஷ்போட் தட்டில் வையுங்கள்.

9. பெரிய மாற்றங்களும் அறிவிக்க வேண்டியவையும்

முன் டிஸ்க் பிறேக் மாற்றம் 600 பவுணுக்கு மேல் போகும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு அது வேண்டும். ஞாயிறு மாலை ஊர் சுற்றுபவருக்கு நன்றாகச் சரிசெய்த டிறம்மே போதும் என்பது என் எண்ணம். பாதுகாப்புக்காக அக்சிலிலும் ஓட்டத் தொகுதியிலும் செய்யும் மேம்பாடுகள் "பெரிய மாற்றம்" என்று கொள்ளப்படாததால் எம்.ஓ.ரி. விலக்கு போகாது. மூல வகையிலிருந்து வேறான சசியை வைப்பதும், சிலிண்டர் எண்ணிக்கை வேறான எஞ்சினை வைப்பதும் வேறு கதை.

எஞ்சினை மாற்றினால், அதே வகை எஞ்சினாக இருந்தாலும், புதிய எண்ணையும் சிசியையும் வி5சியில் குறித்து, பற்றுச்சீட்டோடு, வாகனப் பதிவு பார்க்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ.க்கு அனுப்ப வேண்டும். நிறத்தை மாற்றினாலும் அறிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் புத்தகம் திரும்பி வரும்வரை கையில் இருக்காது என்பதால், அனுப்புமுன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்குச் சிறிய மாற்றத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

பெற்றோல் குழாய்களை எதனோல் தாங்கும் ஆர்9 என்று அச்சிட்ட வகைக்கு மாற்றுங்கள். மீற்றருக்குச் சில பவுண்தான். ஈயமில்லாப் பெற்றோலுக்கான கடின வால்வு இருக்கைகளுக்காகச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவதற்கு அவசரப்பட வேண்டாம். வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டு போகிறது என்று அளவுக்கருவி காட்டும்போது செய்தால் போதும்.

10. துருவும் மெழுகும்

10 பாகைக்குக் கீழே பெயின்ற் சரியாகக் காயாது. மேற்பூச்சு வேலையை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். குளிர்காலத்தில் செய்யக்கூடியது சுரண்டுவதும், துருவை மாற்றும் திரவம் பூசுவதும், குழிகளுக்குள் மெழுகு அடிப்பதும்தான். மெழுகுக் கலனை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு அடித்தால் மூலைகளுக்குள் ஓடும். குளிரிலேயே அடித்தால் அடித்த இடத்தில் கட்டியாக நிற்கும். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதியின் அடியிலிருக்கும் வடிகால் துளைகளை மெழுகால் அடைத்துவிடாதீர்கள். பின் வில்தகடு தொங்கும் இடங்கள் பொடிந்திருந்தால் வெல்டரிடம் விடுங்கள்.

11. மார்ச்

இரண்டு நல்ல மழை பெய்து வீதி உப்பைக் கழுவும்வரை பொறுங்கள். அதற்கிடையில் சோர்னிலிருந்து வெளியேற, காப்புறுதியை முழுமையாக்கி, பிறகு பூச்சிய வரியைப் பதியுங்கள். ரயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தடம் ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிய ரயரை நான் வைத்திருப்பதில்லை.

கிளப்புமுன் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, கொயிலின் சிறு வயரைத் துண்டித்து, ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரால் சுழற்றுங்கள். கார்பரேற்றரின் மேல் குமிழுக்குள் ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளம்பியதும் கராஜ் கதவு திறந்திருக்கட்டும்.

முதல் ஓட்டத்தில் தெருமுனை வரை போய், மிதியை மூன்று தடவை உறுதியாக மிதித்துப் பார்த்துத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு சில்லின் உட்பக்கத்தையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த 80 கிலோமீற்றருக்குள் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கி, புதிய சூக்கள் படிந்திருப்பதால் பிறேக் இடைவெளியையும் மறுபடி சரிசெய்து, ரன்னியனுக்கு இன்னொரு முறை கிறீஸ் அடியுங்கள். கராஜ் தரையில் ஒரு நட் மிஞ்சிக் கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை கார் அங்கேயே நிற்கட்டும்.